டிரைவர் பாண்டிராஜின் வீடு

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் பாண்டிராஜ். பின்சீட்டில் எம்.எல்.ஏ. செல்வலட்சுமி தாசில்தாரோடு போனில் பேசிக்கொண்டு வந்தார். பந்தல்குடி தாண்டியதும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"முதல்ல எந்தக் கண்மாய் சார்? மருதனேந்தலா? அதுல எத்தனை வீடு இருக்கு? சரி, அங்கேருந்தே ஆக்கிரமிப்பை எடுக்க ஆரம்பிங்க. ஒரு இடத்துல செஞ்சு காட்டினாத்தான் மத்த ஊர்லயும் நம்புவாங்க."

பாண்டிராஜின் கால் தன்னையறியாமல் பிரேக்கில் விழுந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்று, மறுபடி ஓடியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே தாண்டிப் போனான்.

"என்னண்ணே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சு."

நாய் எதுவும் வரவில்லை. மருதனேந்தல் அவருடைய ஊர். அந்தக் கண்மாய்க்குள் இருக்கிற வீடுகளில் முதல் வீடு அவருடையது.

அவருடைய அப்பா விவசாயக் கூலி. மருதனேந்தலில் மாரிச்சாமி குடும்பத்துப் புஞ்சையில்தான் காலமெல்லாம் வேலை பார்த்தார். ஊருக்குள் குடிசை போட ஒரு சாண் இடம் கிடையாது. மழை பொய்த்துப் பல வருஷம் கண்மாய் காய்ந்து கிடந்தபோது, தண்ணீர் நிற்க வேண்டிய பக்கத்திலேயே ஒரு மேட்டைப் பார்த்துக் குடிசை போட்டார். அவரைப் பார்த்து இன்னும் சில கூலிக் குடும்பங்கள் வந்தன. யாரும் தடுக்கவில்லை. பின்னால் பஞ்சாயத்தில் குழாய் போட்டுக் கொடுத்தார்கள், கரண்டு கொடுத்தார்கள், வீட்டு வரியும் வாங்கினார்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் அந்தச் சுவர்களில்தான் சின்னம் வரைந்தது. பாண்டிராஜ் லாரியில் போய்ச் சம்பாதித்து, குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் போட்ட தார்சு வீடு எழுப்பினார். அதில் இல்லாதது பட்டா ஒன்றுதான்.

இடுப்பு வலி வந்து லாரியை விட்ட சமயத்தில் தேர்தல் வந்தது. வேட்பாளருக்கு வாடகைக்கு எடுத்த வண்டியை ஓட்டப் போனார். செல்வலட்சுமி அருப்புக்கோட்டையில் வக்கீலாக இருந்தவர். சாப்பிட உட்கார்ந்தால் டிரைவருக்கு இலை போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் தன் இலையில் கை வைப்பார். ஜெயித்ததும், "நீங்களே இருந்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். அப்போது ஒரு நாள் பேச்சுவாக்கில், "பந்தல்குடி பக்கம்தானே உங்களுக்கு? சொந்த வீடாண்ணே?" என்று கேட்டார். "ஆமா மேடம், சொந்த வீடுதான்" என்றார் பாண்டிராஜ். பொய் சொல்வதாக அவருக்கு அப்போது தோன்றவே இல்லை.

நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் செல்வலட்சுமி மூன்று வேலைகளைச் சொன்னார். ஆக்கிரமிப்பில் போன புறம்போக்கு நிலத்தை மீட்பது, கண்மாய்களைத் தூர்வாரித் தண்ணீரைத் தேக்குவது, வீடில்லாதவர்களுக்கு வீடு. மேடைக்குப் பின்னால் வண்டியில் சாய்ந்து நின்று கேட்ட பாண்டிராஜ் கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினார். முதல் இரண்டும் தன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தாசில்தாரோடு பேசிய அந்தப் போன் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பின்சீட்டில் போன் அடித்தால் போதும், வண்டியை மெதுவாக்கிக் காதைக் கொடுப்பார். தாலுகா ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது, உள்ளே இருந்து யாராவது தன்னைக் கை காட்டிப் பேசுகிறார்களா என்று பார்ப்பார். வீட்டை இடிப்பார்கள் என்பது ஒரு பயம். புறம்போக்கில் வீடு கட்டிய ஆளையே டிரைவராக வைத்திருக்கிறார் என்று எதிர்க்கட்சிக்காரன் பேசுவான், அதற்கு முன்னாலேயே தன்னை அனுப்பிவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். வீடும் போய் வேலையும் போனால்?

மனைவி குருவம்மாளிடம் சொல்லவே பயமாக இருந்தது. மகள் சத்யபிரியாவுக்கு ஏழாவது மாதம். திருச்சுழியில் மாமியார் வீட்டில் இருந்தாள். வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். குருவம்மாள் உள்ரூமுக்கும் வாசல் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரச் சுண்ணாம்பு மட்டையோடு அவள் நிற்கும்போதுதான் அவர் அதற்கு மேல் தாங்க முடியாமல் வாய் திறந்தார்.

குருவம்மாள் மட்டையை வாளியில் போட்டாள். "எப்பக் கேட்டீக இதை?"

"பத்துப் பதினஞ்சு நாளாச்சு."

"பத்துப் பதினஞ்சு நாளா நான் வெள்ளையடிக்கிறதப் பாத்துக்கிட்டே இருந்தீகளா?" என்றாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. அண்ணே அண்ணேன்னு கூப்பிடுறாகள்ல?"

"சொன்னா வேலை போயிரும்டி."

"சொல்லாட்டி வீடு போயிரும்."

"சொன்னாலும் வீடு போகும். கோர்ட்டு உத்தரவு இருக்காம். நீர்நிலையில பட்டா குடுக்க எவுகளுக்கும் அதிகாரம் கிடையாதாம். எல்லாத்தையும் வண்டியில கேட்டுக்கிட்டுத்தானே வாரேன்."

அடுத்த வாரமே சர்வேயர் வந்து அளந்தார். கூட வந்த ஆட்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். பாண்டிராஜ் வேலை முடிந்து வந்தபோது, புதுச் சுண்ணாம்புச் சுவரில் 'ஒன்று' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் காயாமல் வழிந்திருந்தது. பக்கத்து வீட்டு வீரணன் வேலியருகே நின்றார். அவரும் பாண்டிராஜும் ஒரே லாரியில் வருஷக்கணக்காக ஓடியவர்கள்.

"ஏலே பாண்டி, நீ அவுக வண்டியத்தான ஓட்டுற? உனக்குத் தெரியாமலா இது நடந்துச்சு?"

பாண்டிராஜ் வழிந்த பெயிண்டை விரலால் வழித்தார்.

"ஒரு வார்த்த முன்னாடியே சொல்லிருந்தா நாலு பேரப் பாத்திருப்போம்ல?"

"என்ன சொல்லச் சொல்ற? அவுககிட்ட நானே இன்னும் என் வீடுன்னு சொல்லல."

வீரணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று பாண்டிராஜ் எதிர்பார்த்தார். வீரணனோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த வாரக் கடைசியில் செல்வலட்சுமி வண்டியில் ஏறும்போதே சொன்னார்: "வர்ற புதன்கிழமை மருதனேந்தல் கண்மாயை நேர்ல பாக்கப் போறோம்ணே. இடிக்கிறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற ஜனங்ககிட்ட நானே பேசணும்."

காய்ச்சல் என்று லீவு போடலாமா என்று பாண்டிராஜ் யோசித்தார். லீவு போட்டால் எங்கே இருப்பது? வீட்டில்தான். வேறு டிரைவர் ஓட்டிவர, எம்.எல்.ஏ. நேராகத் தன் வாசலில் வந்து இறங்குவார். வெளியூர் போகிறேன் என்றால் அன்றைக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி வரும். கடைசியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதுதான் ஒளிந்துகொள்ள இருக்கிற ஒரே இடம் என்று அவருக்குப் பட்டது.

குருவம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தாள். "அன்னைக்கு அவர யாரும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதீக. அவர் வேலை போச்சுன்னா, நம்ம பேச்சு அந்த வண்டிக்குள்ள போறதுக்கு வழியே இல்லாமப் போயிரும்." வீரணனும் தலையசைத்தார் என்று வந்து சொன்னாள்.

புதன்கிழமை பந்தல்குடியில் மாரிச்சாமி வண்டிக்காகக் காத்திருந்தார். கண்மாய்ப் பாசனக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தவரும் அவர்தான். அவர் முன்சீட்டில் பாண்டிராஜுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தன் அப்பாவை, தன்னை, தன் வீட்டை, எல்லாவற்றையும் அறிந்த மனுஷன் ஒரு முழ தூரத்தில் இருக்கிறார்.

"என்னப்பா பாண்டி, சௌரியமா?" என்றார் மாரிச்சாமி.

"இவரைத் தெரியுமாய்யா?" என்று பின்னாலிருந்து செல்வலட்சுமி கேட்டார்.

பாண்டிராஜ் ரோட்டையே பார்த்தார். ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. மாரிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்மா. லாரி ஓட்டிக்கிட்டிருந்தாப்ல. நல்ல டிரைவரு."

அவ்வளவுதான் சொன்னார். அதோடு மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழித்த கதையை ஆரம்பித்துவிட்டார். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தாரா, சமயம் பார்த்துச் சொல்ல வைத்திருக்கிறாரா என்று தெரியாமல் பாண்டிராஜ் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினார்.

கண்மாய்க்கரையில் தாசில்தார் ஜீப்பும் போலீஸ் வண்டியும் முன்னாலேயே நின்றன. சனம் கூடியிருந்தது. பாண்டிராஜ் வண்டியை வேலிக்கருவை நிழலில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிறந்து வளர்ந்த தெருவில் ஒரு முகம் அவரைப் பார்க்கவில்லை. தினமும் 'மாமா' என்று கூப்பிடுகிற பெண்கள் அவரைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்கள். வீரணன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவைத்துத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தும், செத்துப்போன ஆள் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

முதலில் மாரிச்சாமி பேசினார். "யாரையும் கஷ்டப்படுத்தணும்னு எங்களுக்கு ஆசையில்லம்மா. போன ஐப்பசியில நல்ல மழை. கண்மாயில முக்கால்வாசி நிக்க வேண்டிய தண்ணி, வீட்டுக்குள்ள ஏறுதுன்னு மடையத் தொறந்து விட்டுட்டாக. தை மாசம் எங்க பயிரு கருகிப் போச்சு. நாங்களும் மானத்தப் பாத்துத்தான் உக்காந்திருக்கோம்."

"அது உண்மைதான்" என்று ஒரு குரல் வந்தது. பேசியது குருவம்மாள். கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "தண்ணி ஏறினது உண்மை. நாங்க மடையத் தொறந்ததும் உண்மை. புள்ளகுட்டியோட ராத்திரி முழுக்கக் கட்டில் மேல நின்னோம். எங்களுக்கும் இங்கன இருக்கணும்னு ஆசையா? வேற எடம் குடுக்காம இடிச்சா நாங்க எங்கன போறது? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

அவள் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்திருந்த கையைப் பாண்டிராஜ் பார்த்தார்.

செல்வலட்சுமி குருவம்மாள் பக்கம் நடந்து வந்தார். பிறகு, "உங்க வீடு எதும்மா? தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு நான் பாக்கணும். உள்ள வரலாமா?" என்றார்.

குருவம்மாள் சிவப்பு எண் போட்ட முதல் வீட்டைக் காட்டினாள். வேறு என்ன செய்வாள்? செல்வலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கால் வைத்தபோதுதான் பாண்டிராஜுக்கு அது நினைவுக்கு வந்தது. சட்டசபையில் பதவி ஏற்ற நாளில் சென்னையில் எடுத்த போட்டோ. செல்வலட்சுமி நடுவில், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் விறைத்துக்கொண்டு அவர். குருவம்மாள் அதைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். தெருவெல்லாம் போய்ச் சொன்னவள் சுவரில் இருந்ததை மறந்துவிட்டாள்.

அவருக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் செல்வலட்சுமி வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாண்டிராஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாசில்தாரைத் தனியே அழைத்து என்னவோ பேசினார். சனத்தைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மாரிச்சாமி ஊரிலேயே நின்றுகொண்டதால் வண்டியில் இரண்டு பேர்தான்.

பந்தல்குடி வந்தது. போன் அடித்தது, செல்வலட்சுமி எடுக்கவில்லை. அடுத்த வார்த்தையோடு எல்லாம் முடிந்தது என்று பாண்டிராஜ் காத்திருந்தார்.

"ஓரமா நிறுத்துங்கண்ணே."

ஒரு பூட்டிய ஓட்டலுக்கு முன்னால் நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியிலேயே கையை வைத்திருந்தார்.

"ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"என்னைப் பாத்தா?"

அவர் பதில் சொல்ல வாய் எடுத்தார். அழுகைதான் வந்தது. ஐம்பதைத் தொடப்போகிற மனுஷன், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். செல்வலட்சுமி அவர் அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை முன்னால் நீட்டினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த வீட்டை என்னால காப்பாத்த முடியாது. உங்க வீடுங்கிறதுக்காக விட்டேன்னா நாளைக்கு ஒரு கண்மாய்லயும் நான் கை வைக்க முடியாது. விடக்கூடாதுன்னும் கோர்ட்டு சொல்லியிருக்கு. ஆனா மாத்து இடம் காட்டாம இடிக்க விடமாட்டேன். அதுக்கு என்னென்ன தடை வரும்னு எனக்கே பயமாத்தான் இருக்கு."

"வேலை மேடம்?"

"வேலைக்கு என்ன? வண்டியை எடுங்க. நேரமாச்சு."

வண்டியை எடுத்தார். வேலை போகவில்லை என்று நிம்மதிப்பட வேண்டிய நேரம். ஆனால் வீடு போகத்தான் போகிறது என்று இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அதுவரை எங்கோ ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நப்பாசையும் போய், பயம் மட்டும் மிச்சமிருந்தது.

எம்.ரெட்டியபட்டி போகிற பாதையில் அரசுத் தரிசு ஒன்று கிடந்தது. சுக்கான் கல்லும் கருவை முள்ளுமான மேடு. செல்வலட்சுமி கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்குமாக அலைந்தார். வண்டி ஓட்டியவர் என்பதால் எத்தனை தடவை கை விரித்தார்கள் என்று பாண்டிராஜுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் செல்வலட்சுமி வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பார். கடைசியில் ஆளுக்கு மூன்று சென்ட் அளந்து பட்டா வந்தது. வீட்டுப் பெண்கள் பெயரில்தான் பட்டா என்பதால், அது பாண்டிராஜ் பெயரில் இல்லை, குருவம்மாள் பெயரில். வீடு கட்ட அரசாங்கத் திட்டத்தில் பெயர் சேர்ந்தது. ஆனால் அஸ்திவாரம் எழும்புவதற்குள் இடிக்கிற கெடு வந்துவிட்டது. கெடுவைத் தள்ளிப்போட செல்வலட்சுமி எவ்வளவோ பார்த்தார், நடக்கவில்லை. அன்று அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

இயந்திரம் வருவதற்கு முன்னால் பாண்டிராஜ் தன் கையாலேயே வீட்டைப் பிரித்தார். நிலைக்கதவு, ஜன்னல், கம்பி, குழாய் எல்லாவற்றையும் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். கடப்பாரையைச் சுவரில் போடும்போது யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். வீரணன். பெயர்ந்து வந்த நிலைக்கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மாரிச்சாமி வீட்டு டிராக்டர் சாமான் ஏற்ற வந்திருந்தது. அவரே வந்து கரையில் நின்றார்.

"அன்னைக்கு வண்டியில நீங்க சொல்லிருவீகன்னு நெனச்சேன்யா" என்றார் பாண்டிராஜ்.

மாரிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கண்மாயத்தானடா கேட்டேன். உன் சோத்தயா கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு, டிராக்டர்காரனை அதட்டப் போய்விட்டார்.

மேட்டில் தகரக் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். கரண்டு கிடையாது. தண்ணீர் லாரி வந்தால் உண்டு. பாம்புக்குப் பயந்து கட்டிலை விட்டு இறங்கும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சத்யபிரியாவின் மாமியார், "கொட்டகைக்கு எப்படி அனுப்புறது?" என்று கேட்டது நியாயம்தான். பிரசவம் திருச்சுழியிலேயே நடந்தது. ஆண் குழந்தை. அஸ்திவாரத்தின் மேல் சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் வந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் மேட்டுப் பாதையில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறி வந்தது. கையில் டேப்போடு இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் தரையில் சுண்ணாம்புப் பொடியால் குறி போட்டான். குருவம்மாள் கொட்டகைக்குள் ஓடிப் பேரனை வாரித் தோளில் சாய்த்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். வீரணன் கம்போடு வந்தார். பாண்டிராஜும் அன்று லீவில் வீட்டில் இருந்தார். எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட எடுத்த கையில் நம்பரே அமுங்கவில்லை.

"யாரு சார் நீங்க? எதுக்கு அளக்குறீக? எங்ககிட்டப் பட்டா இருக்கு" என்று குருவம்மாள் கத்தினாள்.

டேப் பிடித்தவன் மிரண்டுபோய் நிமிர்ந்தான். "நாங்க ஈ.பி. ஆபீஸ்ம்மா. கரண்டுப் போஸ்டு ஊன எடம் பாக்க வந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. வீரணன் கம்பைக் கீழே போட்டார். குருவம்மாள் பட்டாவைத் திரும்ப மடிக்கக் கை வராமல் பாண்டிராஜிடம் கொடுத்தாள். அவர் அதை மடித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு ஈ.பி. ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.